நேரே ஒப்படைக்கக் கூடாது

இரவு ரோந்துக் குழுவில் நான் சேர்ந்ததற்குச் சேவை மனப்பான்மை காரணமல்ல. அவர்களுக்கு ஒரு பெண் தேவைப்பட்டது, எனக்கு நேரம் இருந்தது. தென்காசியில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். விடிகாலையில் போனால் மதியம் வீடு திரும்பிவிடலாம். மகன் கோயம்புத்தூரில் படிக்கப் போய்விட்டான். கணவருக்கு மின்வாரியத்தில் மாற்றி மாற்றி இரவுப் பணி. ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் நானும் தொலைக்காட்சியும்தான்.

குழுவைத் தொடங்கியவர் எங்கள் குத்துக்கல்வலசையில் இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு வேன்காரர். குற்றால சீசனில் வெளியூர்க்காரர்களை அருவி அருவியாக ஏற்றி இறக்குவார். மற்ற மாதங்களில் கல்யாணம், கோவில் சவாரி. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கும்.

ஒரு சீசனில், சனிக்கிழமை இரவு, ஐந்தருவியில் ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று கூட்டத்தில் வழி தப்பிவிட்டது. அதன் வீட்டார் இரண்டு பேருந்துகளில் வந்திருந்தார்கள். ஒரு பேருந்தில் இல்லையென்றால் மற்றதில் இருக்கும் என்று இரு தரப்பும் நினைத்துக் கிளம்பிப் போய்விட்டார்கள். பிள்ளை மூடிய பழக்கடை ஒன்றின் முன்னால் விடியும்வரை உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி வேனில் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் அதைப் பார்த்திருக்கிறார். கடைக்காரன் பிள்ளை என்று எண்ணிக்கொண்டார். காலையில் போலீஸார் வந்து கூட்டிப்போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணாச்சிக்குத்தான் அது மனதை விட்டுப் போகவில்லை.

அடுத்த ஆண்டு ஒன்பது பேர் சேர்ந்தோம். காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கினோம். கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை தந்தார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்து எங்களுக்கு அரை நாள் வகுப்பு எடுத்தார். பிள்ளையைத் தொடக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. எடுத்து வாட்ஸாப்பில் போட்டால் வழக்கு வரும். "ஏன் ஓடி வந்தே?" என்று கேட்கக் கூடாது. "சாப்பிட்டியா?" என்றுதான் தொடங்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் ஒரு பெண் உடன் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே தகவல் சொல்ல வேண்டும். பெற்றோரே வந்து நின்றாலும் நேரே ஒப்படைக்கக் கூடாது. அதிகாரிகள் பிள்ளையிடம் பேசி, குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, அவர்கள் சொன்ன பிறகுதான்.

கடைசி விதியில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாய், பத்து வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர், எழுந்து கேட்டார்.

"பெத்த தகப்பன் அழுதுக்கிட்டு வந்து நிக்கான். பிள்ளயக் குடுக்க மாட்டேன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? அடிச்சிர மாட்டானா?"

அதிகாரி பதில் சொல்வதற்கு முன் அண்ணாச்சி சொன்னார்.

"ஓடி வந்த பிள்ளைக்கு ஒரு காரணம் இருக்கும்லா பாய். அந்தக் காரணமே தகப்பன் உருவத்துல வந்து நின்னா என்ன செய்வீரு?"

பாய் உட்கார்ந்துவிட்டார். அன்றிரவே அண்ணாச்சி விதிகளை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி வேனுக்குள் ஒட்டினார்.

ரோந்து என்றால் ஏதோ பரபரப்பு என்று கேட்பவர்கள் நினைப்பதுண்டு. பெரும்பாலான இரவுகளில் ஒன்றுமே நடக்காது. அருவிக்கரையில் தப்பும் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் பெயர் சொன்னதும் கால் மணி நேரத்தில் சேர்ந்துவிடும். ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு நிற்கும். ஒரு துண்டைக் கொடுத்துப் பக்கத்தில் நின்றால் போதும். உண்மையிலேயே வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள் குறைவு. மதிப்பெண், செல்போன், சித்தி, குடி, இப்படி ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். தவறுகளும் செய்திருக்கிறோம். ஒருமுறை, அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்தில் வேகமாக நடந்த ஒருவரை நானும் பாயும் மறித்தோம். அவர் அந்தக் குழந்தையின் தகப்பன். காது வலிக்கு மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தார். நூறு பேர் முன்னிலையில் எங்களைத் திட்டினார். திட்ட வேண்டியதுதான்.

அண்ணாச்சி அப்படித் தவறியதில்லை. ஒரு சித்திரை மாதத்தில் அச்சன்புதூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், பதினோரு வயதிருக்கும், புது பேருந்து நிலையத்தின் கழிப்பறைச் சுவரோரம் பதுங்கியிருந்தான். நான் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டதும் எழுந்து ஓடப் பார்த்தான். அண்ணாச்சி அவனுக்கு நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேன் டயர் ஒன்று அன்றைக்கு வெடித்த கதையைத் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார். ஸ்டெப்னியும் காற்றில்லாமல் கிடந்தது, சவாரி வந்த மாப்பிள்ளை வீட்டார் இறங்கித் தள்ளினார்கள் என்று நீண்டுகொண்டே போனது. நான் கொட்டாவி விட்டேன். அரை மணி நேரம் கழித்து அந்தப் பையன், "ஜாக்கி இல்லியா?" என்று கேட்டான். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவன்தான் பேசினான். அண்ணாச்சி, "ம்" என்றும் "பொறவு?" என்றும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பொறுமை வராது. முயன்று பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். ஊரில் பிளஸ் ஒன் சேர்க்காமல், வடக்கே ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார் அண்ணாச்சி. அங்கே படித்தால் டாக்டராகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு வேன்களில் ஒன்றை விற்றுத்தான் சேர்த்தார் என்று பேச்சு. சேர்த்துவிட்டு வந்த அன்று எங்கள் எல்லோருக்கும் பாய் கடையில் டீ வாங்கிக்கொடுத்தார்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. வார இறுதிக் கூட்டம் குற்றாலத்தில் குவியும் என்பதால் அண்ணாச்சி உட்பட ஆறு பேர் அங்கே போயிருந்தார்கள். ரயில் நிலையம் எனக்கும் பாய்க்கும். மதுரையிலிருந்து வரும் ராத்திரி வண்டி வந்து நின்று, கூட்டம் இறங்கிக் கலைந்தது. நடைமேடையின் கடைசியில், குடிநீர்க் குழாயருகே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சுடிதார்ச் சீருடை, முதுகில் பை. கூட்டம் குறையும்வரை நின்றவள், பிறகு நேராக எங்களை நோக்கி நடந்து வந்தாள். அது எனக்கு வினோதமாக இருந்தது. எங்கள் அட்டையைப் பார்த்தால் பிள்ளைகள் எதிர்த்திசையில்தான் போவார்கள்.

"அத்தை, என்னத் தெரியலியா?"

தெரியவில்லை. முகத்தில் கன்னமே இல்லை. அவள் தன் அப்பா யாரென்று சொன்ன பிறகுதான் கண்கள் பிடிபட்டன. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் வீட்டில் எனக்குப் பாயசம் ஊற்றிக் கொடுத்தவள்.

"ஏட்டி, நீயா? லீவு விட்டாச்சா?"

"லீவு இல்ல. விடுதியிலருந்து சொல்லாம வந்துட்டேன்." அவள் நிதானமாகத்தான் பேசினாள். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். "வீட்ட விட்டு வந்த பிள்ளையளத்தான் நீங்க பாப்பியளா, இல்ல விடுதிய விட்டு வந்தாலும் உண்டா?"

பாய் சிரித்துவிட்டார். "நம்ம அண்ணாச்சி பிள்ளல்லா! அக்கா, போனப் போடுங்க. பத்து நிமிசத்துல வேன்ல வந்து தூக்கிட்டுப் போயிருவாரு."

நானும் கைபேசியை எடுத்துவிட்டேன். அண்ணாச்சியின் எண்ணைத் தேடியும் விட்டேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த நேரத்தில் எனக்கு எந்த விதியும் நினைவில் இல்லை. தெரிந்தவர் பிள்ளை, வழி தவறி வந்திருக்கிறது, வீட்டில் விட வேண்டும் என்பதுதான் மனதில் இருந்தது.

"அத்தை," என்றாள் அவள். "முதல்ல உதவி எண்ணுக்குச் சொல்லணும். பொறவு போலீசுக்கு. அப்பா வீட்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க. அப்பா வந்தாலும் என்ன நேர ஒப்படைக்க மாட்டீங்கல்லா?"

பாயின் சிரிப்பு நின்றுபோனது.

உதவி எண்ணுக்குப் பேசினேன். ரயில்வே போலீஸாரிடம் சொன்னேன். அவர்கள் தங்கள் அறையில் ஒரு பெஞ்சை ஒதுக்கித் தந்தார்கள். பாய் கடைக்கு ஓடி இட்லி வாங்கி வந்தார். அவள் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதைப் பிட்டு வைத்துக்கொண்டே இருந்தாள். மண்டபத்தில் எங்களுக்கு வகுப்பெடுத்த அதே அதிகாரி புறப்பட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. வேறொரு ஊரிலிருந்து வர வேண்டும், முக்கால் மணி நேரமாவது ஆகும்.

அதற்குள் அண்ணாச்சியே கூப்பிட்டார். பின்னணியில் அருவிச் சத்தமும் விசில் சத்தமும் கேட்டன. கத்தித்தான் பேசினார்.

"தங்கச்சி, எம்பொண்ணக் காணலியாம். இப்பத்தான் விடுதியிலருந்து போன் பண்ணுதாங்க. மத்தியானத்துலருந்து இல்லியாம், இப்ப சொல்லுதாங்க. மதுர வண்டி வந்துட்டா? கொஞ்சம் பாருங்க தங்கச்சி, ஒவ்வொரு பெட்டியா..."

"இங்கதான் இருக்கா அண்ணாச்சி. என் பக்கத்துல. நல்லாருக்கா. சாப்பிடுதா."

 அருவிச் சத்தத்தில் அவர் அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் வாரேன்" என்றார்.

"வாங்க. உதவி எண்ணுக்குச் சொல்லியாச்சு அண்ணாச்சி."

"எதுக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

குற்றாலத்திலிருந்து அவ்வளவு நெரிசலில் அவர் எப்படி அத்தனை விரைவில் வந்தார் என்று தெரியாது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கழுத்தில் அட்டை தொங்கியது. வாசலில் நின்று மகளைப் பார்த்தார். அவள் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியெடுத்து உள்ளே வந்து பெஞ்சின் மேலிருந்த பையை எடுத்தார்.

"எந்திரிட்டி. வீட்டுக்குப் போவோம். அம்ம கெடந்து துடிக்கா."

அவள் எழவில்லை. நான் எழுந்தேன். அவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றது தைரியத்தால் அல்ல; அந்த அறை அவ்வளவுதான் அகலம்.

"அண்ணாச்சி, ஆபீசர் வாராங்க. அதுவரைக்கும் வெளிய இருங்க."

"என்ன தங்கச்சி சொல்லுதிய? எம்பிள்ள."

"தெரியும்."

"நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா? பாய், நீராவது சொல்லும்."

பாய் வெளியே மழையைப் பார்த்தபடி நின்றார். "எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி. நீங்க எழுதி ஒட்டுனதுதான் தெரியும்."

"அது... அது குடிகாரப் பயலுவளுக்கு. பிள்ளய அடிக்கவனுக்கு. நான் ஒரு நாள் எம்பிள்ளயக் கை நீட்டுனது உண்டா? கேளுங்க அவட்ட."

யாரும் கேட்கவில்லை. அவர் குரல் உயர்ந்தது. "உங்க மகன் இப்பிடி வந்து உக்காந்திருந்தா, நீங்க வெளிய போயி நிப்பியளா?"

"தெரியல அண்ணாச்சி" என்றேன். அன்றைக்கு நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் யோசிக்காமல் வந்தது. என் மகன் விஷயத்தில் நான் என்ன செய்வேன் என்பது எனக்கு இப்போதும் தெரியாது.

ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் மரியாதையாகவே அவர் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப்போனார். பையை அவர் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனார்.

சிறிது நேரத்தில் அவர் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினார். நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். அதிகம் பேசாதவர். உள்ளே எட்டி மகளைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து, "அம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். மதினி தலையசைத்துவிட்டு, கணவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தார். கதவு திறந்திருந்ததால் அவர்கள் பேச்சு எங்களுக்குக் கேட்டது.

"பிள்ளயத் தர மாட்டேங்காங்க" என்றார் அண்ணாச்சி.

"தர வேண்டாம்."

"என்னட்டி சொல்லுத?"

"நாலு வாரமா எங்கிட்ட அழுதா. நான் உங்ககிட்ட நாலு வாட்டி சொன்னேன். நீங்க அட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிக்கிட்டே, ஞாயித்துக்கெழம பேசுவோம்னு சொன்னீங்க. எந்த ஞாயித்துக்கெழம பேசுனீங்க?"

 பாய் இருவருக்கும் டீ கொண்டுபோய்க் கொடுத்தார். மதினி மட்டும் குடித்தார்.

அதிகாரி வந்தபோது மழை வலுத்திருந்தது. குடையை வெளியே வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். விதிப்படி நானும் உடனிருந்தேன். அவள் பேசியதை என்னால் முடிந்த அளவு அவள் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

காலை நாலரைக்கு மணி அடிக்கும். இரவு பத்தரைக்கு விளக்கணைப்பார்கள். அது ஒன்றும் பெரிதில்லை, பழகிவிட்டது. வாரம் ஒரு தேர்வு. மதிப்பெண் குறைந்தவர்கள் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் விடைத்தாளை நெஞ்சில் பிடித்தபடி நிற்க வேண்டும். மற்ற எல்லோரும் சாப்பிட்டு வெளியே போன பிறகுதான் சாப்பாடு. அவள் தொடர்ந்து நாலு வாரம் நின்றாள். இரண்டாவது வாரத்திலிருந்து, எல்லோரும் போன பிறகும் அவளுக்கு உள்ளே போகப் பிடிக்கவில்லை. ஒருநாள் மயங்கி விழுந்தாள். நாடகம் என்றார்கள். வீட்டுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் போன் பேசலாம். விடுதிக் காப்பாளர் பக்கத்திலேயே நிற்பார். அம்மாவிடம் அழுவாள். அப்பா வாங்கி, "ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருட்டி, உனக்காகத்தான்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைசி ஞாயிறு அவள் பேசவே போகவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், யாரோ ஒரு பிள்ளையைப் பார்க்க அதன் வீட்டார் வந்திருந்தார்கள். அவர்கள் திரும்பிப் போகும்போது அவர்களோடு பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டிவிட்டாள்.

"வரும்போது யாராச்சும் தொந்தரவு கொடுத்தாங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"மதுரையில ஒரு ஆளு வட வாங்கித் தந்து, எந்த ஊரு, யாரு கூட வந்தேன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நான் பொம்பளைங்க பெட்டியில ஏறிட்டேன்."

அவள் இதைச் சொன்னது மற்றவற்றைச் சொன்ன அதே குரலில்தான்.  இத்தனை இரவுகள் சுற்றியும், எங்கள் கையில் வந்து சேராத பிள்ளைகளைப் பற்றி நான் அதுவரை நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"நேரா வீட்டுக்கே போயிருக்கலாமே. அம்மா இருக்காங்களே?"

"போனா மறுநாள் காலையில அப்பா கொண்டுபோயி விட்டுட்டு வந்துருவாங்க. பஸ் ஸ்டாண்டுல ஒரு பிள்ள இருந்தா, அது பேசி முடிக்கவரைக்கும் எங்கப்பா எந்திரிக்க மாட்டாங்க. சாப்பிட வரும்போது அதையே சொல்லிக்கிட்டு இருப்பாங்க. அதான் நானும் இங்கன வந்தேன்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு, "அப்பாவை உள்ள கூப்பிடவா? நீ வேண்டாம்னா வேண்டாம்" என்றார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூப்பிடுங்க. ஆனா நான் பேசி முடிச்ச பொறவுதான் அவங்க பேசணும்" என்றாள்.

அண்ணாச்சி உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் விடுதியில் நடந்ததை முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். மயங்கி விழுந்த இடம் வந்தபோது அவர், "அதுக்கு அவங்க போன் பண்ணி..." என்று தொடங்கினார். "நான் இன்னும் முடிக்கல" என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவர் குறுக்கிடவில்லை. ஆனால் மற்ற பிள்ளைகளிடம் கேட்பதுபோல அவரால் கேட்க முடியவில்லை என்பதை நான் கவனித்தேன்.  முகம் மாறிக்கொண்டே இருந்தது. அவள் முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டாக்டருக்குப் படிக்கணும்னு நீதான சொன்ன?" என்பதுதான்.

"எட்டாங் கிளாசுல சொன்னேன்ப்பா."

அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்றிரவு அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. அதிகாரி தன் வண்டியிலேயே பெண் பிள்ளைகளுக்கான காப்பகத்துக்கு அழைத்துப்போனார். மதினி, வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த மாற்றுத் துணிகளை ஜன்னல் வழியாக மகளிடம் கொடுத்தார். வண்டி போன பிறகு, அண்ணாச்சி என்னிடமோ பாயிடமோ ஒரு வார்த்தை பேசாமல் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதினி மறுபடியும் ஆட்டோவில்தான் போனார்.

இரண்டு நாள் கழித்துக் குழந்தைகள் நலக் குழு முன்னால் மூவரும் போனார்கள். விடுதிப் பள்ளிக்குத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று பெற்றோர் இருவரும் எழுதிக்கொடுத்தார்கள். அவள் ஊரிலேயே ஒரு அரசுப் பள்ளியில், தாமதமாக, வணிகவியல் பிரிவில் சேர்ந்தாள். இதெல்லாம் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணாச்சி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தெருவில் எதிரே வந்தால் வேன் கண்ணாடியைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொள்வார். ரோந்துக்கும் வரவில்லை. அவர் இல்லாமல் குழு தடுமாறியது உண்மை. மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர் என்னிடமே, "நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றார். நான் மறுக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் குழு உடையாமல் இருந்திருக்கும். அவளும் மறுநாள் காலை வடக்கே போகும் வேனில் இருந்திருப்பாள்.

கார்த்திகையில் ஒரு மாலை அண்ணாச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"கடையத்துல ஒரு கல்யாணச் சவாரி. போற வழி. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன் தங்கச்சி." எப்போதும் 'நீங்க' என்பவர் அன்று ஒருமைக்கு இறங்கியிருந்தார். அது கோபமா நெருக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அன்னைக்கு நான் வாரதுக்கு முன்னால, அவ என்னப் பத்தி உங்கிட்ட வேற எதுவும் சொன்னாளா?"

"நீங்க காதால கேட்டதுக்கு மேல கொறையா எதுவும் சொல்லல அண்ணாச்சி."

"மதுரையில ஒருத்தன் வட வாங்கிக் குடுத்தானாம். நேத்துத்தான் அவ அம்மட்ட சொல்லியிருக்கா. ஆபீசரம்மாட்ட நீ இருக்கும்போது சொன்னாளா?"

சொன்னாள் என்றேன். அவர் என் வீட்டுக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.  நான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "சரி, வாரேன்" என்று போய்விட்டார். அதற்குப் பிறகு பேசத் தொடங்கினார், தேவைக்கு மட்டும்.

அடுத்த சீசனில் அவர் ரோந்துக்குத் திரும்பவில்லை. ஆனால் வேனை வாரம் மூன்று இரவு எங்களுக்குத் தந்தார், வேறொரு ஓட்டுநரோடு. டீசலும் அவரே போட்டார். திரும்பி வரலாமே என்று பாய் கேட்டபோது, "ராத்திரி அவளுக்கு டியூசன் விட்டுக் கூட்டிட்டு வரணும்" என்றாராம். டியூஷன் எட்டு மணிக்கே முடிந்துவிடும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் இப்போது திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். சென்ற ஆண்டு சாரல் காலத்தில் பழைய குற்றாலத்துப் படிகளில் அவளைப் பார்த்தேன். நாலைந்து தோழிகளோடு, தலை ஈரம் சொட்ட, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்த் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தாள். கன்னங்கள் திரும்பி வந்திருந்தன. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள். கழுத்தில் அட்டையோடு நிற்கும் என்னைத் தோழிகளுக்கு எப்படிச் சொல்வது என்ற தயக்கம் அது.

"எங்க தெரு அத்தை" என்றாள். "ஆஸ்பத்திரியில இருக்காங்க."

தோழிகள் வணக்கம் சொன்னார்கள். ஒருத்தி எனக்கும் மாங்காய்த் துண்டு ஒன்றை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மற்றவர்கள் முன்னால் இறங்கிப் போனபோது, அவள் மட்டும் பின்தங்கி, "அப்பா மேல பார்க்கிங்ல நிக்காங்க அத்தை. பாத்தா, நான் கீழ இருக்கேன்னு சொல்லிருங்க" என்றாள்.

மேலே போனேன். அண்ணாச்சி வேனுக்குள் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டி, மகள் கீழே இருக்கிறாள் என்று சொன்னேன்.

"தெரியும் தங்கச்சி" என்றார். "அவ வரச் சொன்ன நேரத்துக்குத்தான் நான் எறங்கணும்."